கையால் கட்டிய சைக்கிளில் கியர் விழவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடையில் வாங்கிய சைக்கிளில் கியர் சரியாக விழாவிட்டால் பெரும்பாலும் ஒரு திருகு, ஒரு கேபிள், அதோடு வேலை முடிந்துவிடும். பிரேமும் சக்கரமும் நேராகத்தான் இருக்கும் என்று நம்பி மேலே போகலாம். நாமே குழாய் அறுத்து, பற்றவைத்து, பழைய ஜப்பான் சைக்கிளில் கழற்றிய சாமான்களை மாட்டிக் கட்டிய வண்டியில் அப்படி நம்ப வழியில்லை. கோளாறு கியரில் தெரியும். காரணம் பிரேமில் இருக்கும்.

நான் ரங்கூனில் இருக்கிறேன். நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால் இங்கே சைக்கிளுக்கு மரியாதை உண்டு. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் சந்தையில் நிறையக் கிடைக்கின்றன. அக்கா மகனுக்காக நான் கட்டியது இரும்புக் குழாய் பிரேம். முன்னால் 42 பல் கொண்ட ஒரே சக்கரம், பின்னால் 14 முதல் 28 பல் வரை ஏழு சக்கரம் கொண்ட பிரீவீல். அவன் முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து, "மாமா, மூணாவது கியர் நிக்கவே மாட்டேங்குது, தானா நாலுக்கு ஓடுது" என்றான். மூன்று சாயங்காலம் திருகுகளை மாற்றி மாற்றித் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. தெருமுனையில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, திருகைத் தொடாதீங்க. பின்னாடி உக்காந்து சக்கரத்தைப் பாருங்க" என்றார். இந்த வழிமுறை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். வரிசை இது: முதலில் பிரேம், பிறகு சக்கரம், பிறகு டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) தொங்கும் காது, பிறகு கேபிள், கடைசியில்தான் திருகு. கீழே உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ அதற்குப் போங்கள். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பின்சக்கரம் நடுவில் நிற்கவில்லை, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, வலப்பக்கம் இடப்பக்கமாக வரும்படி மாட்டுங்கள். செயின் வேண்டாம், சும்மா அச்சை உட்கார வைத்தால் போதும். திருப்பிய பிறகு சக்கரம் எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றால் கோளாறு சக்கரத்தில்: ரிம் அச்சின் நடுவில் இல்லை. ஸ்போக்ஸ் கம்பிகளை ஒரு பக்கம் தளர்த்தி மறுபக்கம் இறுக்கி ரிம்மை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எப்படித் திருப்பி மாட்டினாலும் அதே பக்கம் சாய்ந்தால் கோளாறு பிரேமில்.

பிரேமைப் பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கர அச்சு உட்காரும் வலப்பக்கத் தகட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் குழாயைச் சுற்றி, திரும்பி இடப்பக்கத் தகட்டில் அதே இடத்தில் கட்டுங்கள். நூல் விறைப்பாக நிற்க வேண்டும். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பின் கவை, அதாவது பின்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் குழாய்கள், நேர். இரண்டு மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். அதற்குக் கவலை வேண்டாம். என் பிரேமில் ஆறு மி.மீ. இருந்தது. காரணம் வெல்டிங். இரும்பு சூடாகி ஆறும்போது சுருங்கும். எந்தப் பக்கம் பற்று அதிகமோ அந்தப் பக்கம் குழாயை இழுத்துவிடும். நான் கொடுத்த பட்டறையில் தகடுகளை இடையில் எதுவும் வைக்காமல் ஒவ்வொன்றாகப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டு தகடுக்கும் நடுவே பழைய அச்சு ஒன்றைச் சரியான அகலத்தில் நட்டுப் போட்டு இறுக்கிவிட்டு, நான்கு இடத்தில் பொட்டு வைத்து, பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் இந்த இழுப்பு பெருமளவு குறையும். அடுத்த பிரேமுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்கப்படாமல் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

ஏற்கெனவே கோணியிருந்தால் இரும்புப் பிரேமைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்து நேராக்கலாம். நீளமான மரச்சட்டத்தைச் சீட் குழாயில் ஊன்றி, கவையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி, ஒவ்வொரு முறையும் நூலைக் கட்டிப் பாருங்கள். சூடு காட்ட வேண்டாம். அலுமினியப் பிரேமில் இதைச் செய்யவே கூடாது; விரிசல் விடும்.

சக்கரம் தகடுகளுக்குள் நுழையவில்லை, அல்லது லொட லொட என்று நிற்கிறது

தகடுகளுக்கு இடையே உள்ள அகலமும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) அகலமும் பொருந்தவில்லை. பழைய ஐந்து வேக ஹப்புக்கு 120 மி.மீ., ஆறு ஏழு வேகத்துக்கு 126, பந்தய வகைக்கு 130, மலைச் சைக்கிள் வகைக்கு 135. எதை மாட்டப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் பிரேமைப் பற்றவைக்க வேண்டும். நான்கு ஐந்து மி.மீ. வித்தியாசம் என்றால் இரும்பை விரிக்கலாம். இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்று மறுபடி நூல் கட்டிப் பாருங்கள்.

கடைசிச் சின்னப் பல்சக்கரம் பிரேமில் உரசுகிறது

ஒற்றை வேகச் சக்கரத்தில் ஏழு வேகப் பிரீவீலைத் திருகியிருப்பீர்கள். இரண்டுக்கும் மரை ஒன்றுதான், 1.37 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. அதனால் அழகாக ஏறி உட்காரும். அந்த அழகில்தான் ஏமாந்துபோகிறோம். ஏழு சக்கரம் பிடிக்கும் இடம் அதிகம். அச்சில் வலப்பக்கம் வாஷர் சேர்த்து ஹப்பை இடப்பக்கம் தள்ள வேண்டும், நீளமான அச்சு போட வேண்டும், பிறகு ரிம்மை வலப்பக்கம் இழுத்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வாஷர் மட்டும் போட்டுவிட்டு ரிம்மை அப்படியே விட்டால் மேலே சொன்ன முதல் அறிகுறி வந்து நிற்கும்.

இந்த வகை ஹப்பில் வலப்பக்கப் பால்ரஸ் பிரீவீலுக்கு உட்புறம் வெகு தூரத்தில் இருக்கும். அச்சின் வெளிமுனைக்கு ஆதாரம் இல்லை. பின்னால் அரிசி மூட்டை ஏற்றும் வண்டி என்றால் அச்சு வளையும். சுமை வண்டிக்கு பிரீவீல் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல்சக்கரங்கள் ஹப்போடு சேர்ந்த கேசட் வகையைத் தேடி வாங்குங்கள்.

கியர் மாற்றியதும் கடகட என்று சத்தம், நடுக் கியர்கள் நிற்காமல் ஓடுகின்றன

எங்கள் வண்டியின் நோய் இதுதான். சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் டீரெய்லர் தொங்கும் காது. அது வலப்பக்க அச்சுத் தகட்டின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு நாக்கு. பின்சக்கரம் எந்தத் தளத்தில் நிற்கிறதோ, அதற்கு இணையாகக் காதும் நிற்க வேண்டும். காது கொஞ்சம் உள்ளே மடங்கியிருந்தால் ஒரு கியரில் சரியாக வைத்ததும் அடுத்த கியரில் தப்பும். எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பர்மாவில் 1970லிருந்து சாலையின் வலப்பக்கம் போகிறோம். டீரெய்லரும் வலப்பக்கம்தான். அதாவது நடைபாதைக் கல், சாக்கடை விளிம்பு, நிறுத்தி வைத்த சைக்காவின் (பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா) பக்கச் சக்கரம் எல்லாம் இடிப்பது நம் டீரெய்லரைத்தான். சைக்கிள் வலப்பக்கமாக ஒரு தடவை சாய்ந்து விழுந்தாலே காது வளையலாம்.

பார்ப்பதற்குத் தனிக் கருவி உண்டு. இல்லாதவர்களுக்கு ஒரு வழி: காதின் மரை 10 மி.மீ. தடிமன், 1 மி.மீ. இடைவெளி. பல பின்சக்கர அச்சுகளின் மரையும் அதுவே. டீரெய்லரைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள வேறொரு பின்சக்கரத்தின் அச்சு முனையைக் காதில் கையாலேயே திருகுங்கள். இப்போது இரண்டு சக்கரம் அருகருகே நிற்கும். இரண்டு ரிம்முக்கும் இடையே உள்ள தூரத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே நான்கு இடத்தில் அளக்கவும். நான்கு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காது கோணல். மாட்டிய சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். இரண்டு எச்சரிக்கை: முதலில் அந்தச் சக்கரங்களுக்குக் கோட்டம் எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவே பொய். அடுத்தது, 3/8 இன்ச்சில் 26 மரை உள்ள அச்சும் உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கையால் சுலபமாகத் திருக வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஸ்பேனர் போட்டால் காதின் மரை போய்விடும்.

எங்கள் காதில் வித்தியாசம் 11 மி.மீ. இருந்தது. வெல்டிங் முடிந்து தகட்டைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தியபோது ஏற்பட்டது என்று நினைக்கிறேன். நிமிர்த்திய பிறகு கேபிளை ஒரே ஒரு அரைச் சுற்றுதான் திருப்பினேன். ஏழு கியரும் விழுந்தன. "மாமா, சத்தமே இல்ல" என்று அவன் ஓட்டிக் காட்டியதை இன்னும் மறக்கவில்லை.

காது நேர் என்று உறுதியான பிறகு கேபிள். டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் கையால் திருகும் குமிழ் இருக்கும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கேபிள் தளர்வு: வண்டிக்குப் பின்னால் நின்றபடி குமிழை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி இறுக்குங்கள். சின்னதற்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாகக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் மிதியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பெரியதற்கு ஏறுகிறது, சின்னதற்கு இறங்கத் தாமதிக்கிறது

குமிழைத் தளர்த்தியும் தீரவில்லையா? ஏறும்போது இழுப்பது உங்கள் விரல். இறங்கும்போது இழுப்பது டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும். கேபிள் உறைக்குள் உராய்வு இருந்தால் ஸ்பிரிங்கால் வெல்ல முடியாது. டீரெய்லருக்குள் நுழையும் கடைசி வளைவு உறைதான் பெரும்பாலும் குற்றவாளி. மிகக் குட்டையாக வெட்டினால் மடியும், அறுத்த வாயைச் சமமாக அரம் போடாவிட்டால் கேபிளைக் கடிக்கும்.

உறையிலும் இரண்டு வகை. பிரேக் உறைக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றியிருக்கும். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு இழுப்பிலும் உறையே கொஞ்சம் சுருங்கும், கியர் இடம் தப்பும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவது ஆபத்து. அவசரப் பிரேக் அழுத்தத்தில் அது பிளந்துவிடலாம். கிடைத்ததை மாட்டுவோம் என்று இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து இருக்காதீர்கள்.

முதல் கியரும் கடைசிக் கியரும் சரி, இடையில் எதுவும் ஒத்துவரவில்லை

காதும் கேபிளும் நன்றாக இருந்தும் இப்படி என்றால் ஷிப்டரும் (கையால் கியர் மாற்றும் பிடி) பல்சக்கர அடுக்கும் ஒரே குடும்பம் இல்லை. பழைய சாமான் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். ஷிமானோவில் ஏழு வேக அடுக்கில் சக்கரத்துக்குச் சக்கரம் 5 மி.மீ., எட்டில் 4.8, ஒன்பதில் 4.35. ஷிப்டரில் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேபிள் இழுபடும் என்பது இதைக் கணக்கிட்டே செய்யப்பட்டது. ஒன்பது வேக ஷிப்டரை ஏழு வேக அடுக்குக்குப் போட்டால் ஒவ்வொரு சொடுக்கிலும் குறை சேர்ந்துகொண்டே போகும். ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் சிறியது என்பதால் ஓரளவு ஒப்பேற்றலாம். அதற்கு மேல் கூடாது. கம்பெனி மாறினாலும் இதே கதை: ஸ்ராமின் மலைச் சைக்கிள் ஷிப்டர்கள் பல, ஷிமானோ டீரெய்லருக்கு வேண்டியதைவிட மிக அதிகமாகக் கேபிளை இழுக்கும்.

பொருந்தும் ஷிப்டர் கிடைக்காதவர்களுக்கு என் பரிந்துரை, சொடுக்கு இல்லாத பழைய நெம்பு ஷிப்டர். ஷிமானோ 1980களில் சொடுக்கு முறையைப் பரவலாக்கும் வரை உலகமே அதில்தான் கியர் மாற்றியது. எந்த அடுக்கோடும் எந்த டீரெய்லரோடும் ஒத்துப்போகும். சத்தம் கேட்டால் விரலால் ஒரு நூல் அளவு நகர்த்தினால் போதும். இரண்டு நாளில் கை பழகிவிடும்.

செயின் ஸ்போக்ஸில் விழுகிறது, அல்லது வெளியே கழன்று விழுகிறது

உடனே ஓட்டுவதை நிறுத்துங்கள். செயின் உள்ளே விழுந்தால் டீரெய்லர் சக்கரத்துக்குள் இழுக்கப்பட்டு, சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும். இங்கேதான் அந்த இரண்டு திருகுகளுக்கு வேலை. எச் என்று பொறித்தது சின்ன பல்சக்கரப் பக்க எல்லை, எல் என்று பொறித்தது பெரிய பல்சக்கரப் பக்க எல்லை. வலஞ்சுழியாகத் திருகினால் எல்லை குறுகும். கேபிளை முழுதாகக் கழற்றிவிட்டு, டீரெய்லரின் மேல் உருளை கடைசிச் சின்னப் பல்சக்கரத்துக்கு நேர் கீழே நிற்கும்படி எச் திருகை வையுங்கள். பிறகு டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, உருளை பெரிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வந்து அதற்கு மேல் போகாதபடி எல் திருகை வையுங்கள். கேபிள் அதன் பிறகுதான். மேல் உருளைக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே ஐந்து ஆறு மி.மீ. இடைவெளி வேண்டும், அதற்குப் பின்பக்கம் ஒரு மூன்றாவது திருகு இருக்கும்.

செயின் முன் பல்சக்கரத்திலிருந்து கழன்றால் அந்தப் பல்சக்கரத்தின் இடம் தவறு. ஏழு வேகத்தில் நடுவே இருப்பது நான்காவது. அதற்கு நேராக முன் பல்சக்கரம் வர வேண்டும். மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். பி.பி. (மிதித்தண்டுகளைத் தாங்கிச் சுழலும் பாட்டம் பிராக்கெட்) அச்சின் நீளத்தை மாற்றி நேராக்கலாம்.

பெரிய பல்சக்கரத்துக்குப் போனதும் எல்லாம் இறுகி நிற்கிறது

செயின் குட்டை. டீரெய்லருக்குள் விடாமல், முன்னால் பெரியதையும் பின்னால் பெரியதையும் சுற்றிச் செயினைப் பிடித்து, அதோடு ஒரு இன்ச் சேர்த்து வெட்டுங்கள். ஒற்றை வேகச் செயின் இதற்கு ஆகாது, தடிமன் அதிகம்.

அழுத்தி மிதித்தால் கால் சறுக்குகிறது

எங்களுக்கு இது சிரியம் பாலத்தின் ஏற்றத்தில் தெரிந்தது. சமதரையில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்று மிதிக்காமல், யாரையாவது மெல்ல அழுத்தி மிதிக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து பாருங்கள். செயின் பல்லின் மேல் ஏறித் தாவினால் தேய்மானம். செயின் தாவாமல் பிரீவீல் சுழன்று, சக்கரம் மட்டும் நின்றால் பிரீவீலுக்குள் இருக்கும் கொக்கிகள் பிடிக்கவில்லை. அதை மண்ணெண்ணெயில் அலசி, மெல்லிய எண்ணெய் விடுங்கள். உள்ளே கிரீஸ் வைத்தால் கொக்கி ஒட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளானால் பிசினாகும்.

தேய்மானத்தை இன்ச் ஸ்கேலால் அளக்கலாம். புதுச் செயினில் ஒரு ஆணியிலிருந்து 24ஆவது ஆணி சரியாக 12 இன்ச்சில் நிற்கும். 1/16 இன்ச் தாண்டினால் செயினை மாற்றுங்கள். 1/8 தாண்டினால் பிரீவீலும் தேய்ந்திருக்கும். புதுச் செயின் பழைய பல்லில் தாவத்தான் செய்யும். பழைய சைக்கிளில் கழற்றிய பிரீவீலை வாங்கும்போது ஒரு துண்டு புதுச் செயினைக் கொண்டுபோய் ஒவ்வொரு பல்சக்கரத்திலும் சுற்றி இழுத்துப் பாருங்கள்.

மிதிக்காமல் சக்கரம் மட்டும் உருளும்போது பிரீவீல் லேசாக ஆடுவது இயல்பு. அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

டக் டக் என்று ஒரே சீராகச் சத்தம்

எண்ணிப் பாருங்கள். மிதி ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் மிதி, கிராங்கு, பி.பி. இந்த மூன்றில் ஒன்று. சுமார் இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை என்றால் செயினில் ஒரு கண்ணி விறைத்திருக்கிறது. 42 பல்லுக்குச் செயின் முழுச் சுற்று வர அவ்வளவு ஆகும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை என்றால் ஸ்போக்ஸ்.

கிராங்கு தளர்ந்திருந்தால் ஒரு அடி நீள ஸ்பேனரில் சுமார் 12 கிலோ எடை வைக்கும் அளவுக்கு இறுக்குங்கள். தளர்ந்த அலுமினியக் கிராங்கோடு ஓட்டினால் சதுரத் துளை கெட்டுவிடும், பிறகு எப்போதும் நிற்காது. வலப்பக்கப் பி.பி. கப்பும் இடப்பக்க மிதியும் எதிர் மரை. அச்சு ஓரிடத்தில் இலகுவாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் சுற்றினால் வெல்டிங் சூட்டில் பி.பி. குழாய் வட்டம் தப்பியிருக்கிறது. கடைசல் பட்டறையில் மரையை மறுபடி ஓட்டி, இரண்டு வாயையும் சமமாக்கித் தரச் சொல்லுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது

இங்கே மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. அதற்கு முன்பே, ஏப்ரலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் வாளி வாளியாகக் கேபிளுக்குள் ஊற்றிவிடுவார்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் பி.பி.யில்தான் தேங்கும். பி.பி. குழாயின் அடியில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே. சீட் கம்பியைக் கழற்றிக் கிரீஸ் தடவுங்கள். மழை தொடங்கும் முன் கியர் கேபிளை உருவி, உறைக்குள் எண்ணெய் விட்டு ஆட்டி, மறுபடி கோத்து விடுங்கள். கேபிள் முனையில் மூடி போடாவிட்டால் இழை பிரிந்து அடுத்த முறை உருவ வராது.